வேரை விற்றவர்கள், நுனியைக் காத்தவர்கள்

முடி வளர வைக்கிறேன் என்று சொல்லிப் பணக்காரர் ஆனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. வளர்ந்த முடியின் நுனி உடையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சம்பாதித்தவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் முடி வியாபாரம் இதற்கு நல்ல சாட்சி. தலைத்தோலில் தடவும் களிம்பு டப்பாக்கள் 1900-களின் தொடக்கத்திலேயே அங்கே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் ஈரம் கொடுப்பதற்கென்று ஒரு புட்டி நாடெங்கும் பரவ 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அந்த வேலையைப் பார்த்தவை பருத்தி நூல், தலைத்துணி, அடுப்படியில் மிஞ்சிய கொழுப்பு.

நுனிக்கு ஏன் இத்தனை கவனிப்பு? ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடியை நறுக்கிப் பார்த்தால் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாக இருக்கும். சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை அது ஒரு சுற்றுச் சுற்றும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் தானாகவே கீழே இறங்கிவிடும். இந்தச் சுருளில் இறங்காது. வேர்ப்பக்கம் பிசுபிசுப்பும் நுனிப்பக்கம் வறட்சியுமாக ஒரே முடி இரண்டு தட்பவெப்பத்தில் வாழும். போதாததற்கு, ஒவ்வொரு திருப்பமும் முடி ஒடிவதற்கு வசதியான இடம்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க முடி ஒரு நாளைக்குச் சராசரியாக 256 மைக்ரான் வளர்கிறது என்றும் ஐரோப்பிய முடி 396 மைக்ரான் வளர்கிறது என்றும் அளந்து சொன்னது. கணக்குப் போட்டால் ஆப்பிரிக்க முடி வளர்வது வருடத்துக்கு 9 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது 30 சென்டிமீட்டர் நீள முடி ஒன்றின் நுனிக்கு வயது மூன்றுக்கும் மேல். மூன்று வருட வெயில், மூன்று வருடச் சீப்பு, மூன்று வருடத் தலையணை உரசல் எல்லாவற்றையும் அது தாங்கியிருக்கிறது. வெளிச்செதில்கள் தேய்ந்து, உள்ளே போன ஈரம் நிற்காத நிலையில் இருக்கிறது. மேலே எவ்வளவு வளர்ந்தாலும் கீழே அதே வேகத்தில் ஒடிந்தால் முடி தோளைத் தாண்டாது. பார்ப்பவர்கள் ‘இவர்களுக்கு முடியே வளராது’ என்பார்கள். அந்தப் பழிச்சொல்லைக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தார்கள். பலர் அதை நம்பவும் செய்தார்கள்.

ஆப்பிரிக்காவில் இதை நம்பாத இடங்கள் உண்டு. சாட் நாட்டில் பசாரா அரபுப் பெண்கள் ‘ஷெபே’ என்ற பொடியைப் பயன்படுத்துகிறார்கள். குரோட்டன் வகைச் செடி ஒன்றின் விதையை வறுத்து இடித்து, கிராம்பு, வாசனைப் பிசின், ஒருவகைச் செர்ரிக் கொட்டை ஆகியவற்றோடு கலந்தது அது. நனைந்த முடியில் எண்ணெயோ கொழுப்போ சேர்த்துப் பொடியைப் பூசி, பின்னி, பல நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். முக்கியமான விதி ஒன்று: பொடி தலைத்தோலில் படக்கூடாது. வேரிலிருந்து சற்றுத் தள்ளி ஆரம்பித்து நுனி வரை மட்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும் அவர்களுடைய சடையைக் காட்டி, ஷெபே முடி வளர்ப்பதாகத்தான் இன்று விளம்பரம் செய்கிறார்கள். பசாரா பெண்களின் செய்முறையோ, வளர்வது வளரட்டும், வளர்ந்தது ஒடியாமல் இருக்கட்டும் என்கிற கணக்கில் நடக்கிறது. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெய்க் கொழுப்பையும் செங்காவியையும் குழைத்துச் சடையில் மெழுகுகிறார்கள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் முடிக் கற்றையை அடியிலிருந்து நுனி வரை கறுப்பு நூலால் இறுக்கிச் சுற்றுகிறார்கள். நூலுக்குள் போன நுனி எதிலும் உரசாது, சிக்காது, காயவும் நேரமெடுக்கும்.

மேற்கு ஆப்பிரிக்கச் சவான்னாப் பகுதியில் இதற்கெல்லாம் ஷியா வெண்ணெய் துணை. ஸ்காட்லாந்துக்காரரான முங்கோ பார்க் 1796-ல் நைஜர் ஆற்றுப் பக்கம் போனபோது ஷியா மரத்தைப் பார்த்துவிட்டு, உப்புப் போடாமலே வருடம் முழுக்கக் கெடாத வெண்ணெய் என்று வியந்து எழுதினார். அவர் நினைப்பெல்லாம் சாப்பாட்டின் மேல். பெண்கள் அதைத் தலையிலும் தோலிலும் தேய்த்துக்கொண்டு எத்தனையோ காலமாயிற்று. மரத்தின் தாவரவியல் பெயரில் பார்க்கின் பெயர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. விதையைப் பொறுக்கி, வேகவைத்து, இடித்து, கடைந்து வெண்ணெய் எடுத்த பெண்களின் பெயர் எதிலும் இல்லை.

அட்லாண்டிக்கைக் கடந்தபோது இவற்றில் பெரும்பாலானவை கூட வரவில்லை. ஷியா மரம் அமெரிக்காவில் கிடையாது. அகலப் பல் சீப்பு கிடையாது. நேரம் அறவே கிடையாது. 1936-லிருந்து 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் 2,300-க்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. அதில் முடியைப் பற்றிய பேச்சும் ஆங்காங்கே வருகிறது. வாரம் முழுக்க முடியைக் கற்றை கற்றையாகப் பருத்தி நூலாலோ கிழிந்த துணியாலோ சுற்றி வைத்திருப்பார்கள். மேலே தலைத்துணி. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அவிழ்த்து, ஆட்டு ரோமம் சிக்கெடுக்கும் கம்பிப் பலகையால் வாரி, பன்றிக் கொழுப்போ வாத்துக் கொழுப்போ வெண்ணெயோ தடவுவார்கள். தலைத்தோலைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் சோளமாவும்.

வறுமைக்கு வேறு வழியில்லாமல் செய்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது. நூல் சுற்றுவது யொரூபா நாட்டுப் பழக்கத்தின் நேரடி வாரிசு. ஆறு நாள் நுனியை மூடி வைத்து ஏழாவது நாள் மட்டும் சீப்புப் போடும் முறையை, இன்றைய முடி நிபுணர்கள் ‘காக்கும் அலங்காரம்’ என்று புதுப்பெயர் சூட்டிப் பரிந்துரைக்கிறார்கள்.

தலைத்துணிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதில் நம் கரைக்கும் பங்குண்டு. 1786-ல் லூசியானா ஸ்பெயின் வசம் இருந்தது. ஆளுநர் எஸ்தெபான் மிரோ, கறுப்பின, கலப்பினச் சுதந்திரப் பெண்கள் தலைமுடியைக் காட்டி அலங்காரம் செய்யக்கூடாது, துணி கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடிமைப் பெண்ணின் அடையாளத்தைச் சுதந்திரப் பெண்ணின் தலையிலும் ஏற்றுவது நோக்கம். நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் கட்டினார்கள். பட்டிலும் பளபளப்பான கட்டம் போட்ட துணியிலும், இறகும் நகையும் செருகி, ஆளுநர் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு அழகாகக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் லூசியானாவிலும் கரீபியன் தீவுகளிலும் தலைக்கட்டுக்குப் பெயர்போன துணி ‘மெட்ராஸ்’. சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்து, சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தி. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளில் விழாவுக்கு இன்றும் அதைத்தான் கட்டுகிறார்கள். முடிநுனிக்குப் பார்த்தால் பருத்தியைவிடப் பட்டே நல்லது. பருத்தி ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆனாலும் வெயிலில் விரித்துப் போட்ட தலைக்கு எந்தத் துணியும் மேல்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்தபோது, நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினப் பெண்களுக்குத் தலையில் பெரிய தொல்லை பொடுகும் புண்ணும் வழுக்கையும். வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லாத காலம். தலைக்குக் குளிப்பது அரிது. சோப்பு காரமானது. இந்த இடத்தில்தான் ஆனி டர்ன்போ மலோன் வந்தார். இல்லினாய் மாநிலத்து லவ்ஜாய் என்ற சிற்றூரில் தலைத்தோல் மருந்து தயாரித்து, 1902-ல் செயின்ட் லூயிஸ் நகருக்கு மாறி, வீடு வீடாகப் போய்ப் பெண்களின் தலையைத் தானே கழுவிக் காட்டி விற்றார். 1906-ல் ‘போரோ’ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1918-ல் போரோ கல்லூரி என்று ஒரு கட்டடமே எழுப்பினார்.

அவரிடம் முகவராக இருந்தவர்களில் ஒருவர் சாரா பிரீட்லவ். 1867-ல் லூசியானாவின் டெல்டா என்ற ஊரில் பிறந்தவர், துணி துவைத்துப் பிழைத்தவர், தன் முடி கொட்டுவதைப் பார்த்துக் கலங்கியவர். 1905-ல் டென்வர் போனார். அடுத்த வருடம் சார்ல்ஸ் ஜோசப் வாக்கரை மணந்துகொண்டு மேடம் சி. ஜே. வாக்கர் ஆனார். கனவில் ஓர் ஆப்பிரிக்க மனிதர் வந்து மருந்துச் சேர்மானம் சொன்னதாக அவர் சொல்லுவார். கனவில் வந்தவர் சொன்னதில் வாஸ்லினும் கந்தகமும் இருந்தன. இரண்டும் அமெரிக்க மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்தவை. டப்பாவில் எழுதியிருந்த பெயர் ‘அற்புத முடி வளர்ப்பான்’.

மலோனும் வாக்கரும் ஊரை ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. கந்தகம் பொடுகுக்குக் கேட்கும். அடிக்கடி தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன அறிவுரை, டப்பாவில் இருந்ததைவிட அதிகம் வேலை செய்திருக்கும். தலைத்தோல் ஆறியதும் கொட்டிய இடத்தில் முடி வந்தது. நான் முடியை நேராக்குபவள் என்று சொல்வது தவறு என்று வாக்கர் நிருபர்களிடம் வாதாடினார். 1917-ல் பிலடெல்பியாவில் தம் முகவர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார். 1918-ல் நியூயார்க் அருகே ஹட்சன் ஆற்றங்கரையில் இர்விங்டன் ஊரில் ‘வில்லா லெவாரோ’ என்ற மாளிகையைக் கட்டி முடித்து, அடுத்த வருடமே 51 வயதில் இறந்துபோனார். துணி துவைத்தவருக்கு அத்தனை பெரிய வீடு. அமெரிக்கா இன்றளவும் சொல்லிச் சொல்லி மகிழும் கதை அது. ஆனால் அந்த வியாபாரம் வேரோடு நின்றது. முடியின் எஞ்சிய நீளத்துக்கு வாக்கர் வைத்திருந்தது ‘கிளாசைன்’ என்ற எண்ணெய், அதோடு கூட ஒரு சூட்டுச் சீப்பு.

இந்தச் சூட்டுச் சீப்பை வாக்கர் கண்டுபிடித்ததாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். அவருக்கு முன்பே பிரான்சில் புழக்கத்தில் இருந்தது. அடுப்பில் வைத்துக் காய்ச்சி, எண்ணெய் தடவிய முடியில் இழுத்தால் முடி தற்காலிகமாக நேராகும். தண்ணீர் பட்டால் மறுபடி சுருளும். அங்கேதான் வினை ஆரம்பித்தது. சனிக்கிழமை இரவு மணிக்கணக்கில் உட்கார்ந்து நேராக்கிய தலைக்கு மழை விரோதி, வியர்வை விரோதி, நீச்சல் குளம் விரோதி. நுனிக்கு எது தேவையோ அதையே விரட்டி அடிக்க வேண்டிய நிலை. பதிலுக்குக் கிடைத்தது பிசுக்கு: வாஸ்லின், மெழுகு, கொழுப்பு. பிசுக்கு ஈரத்தைப் பூட்டி வைக்கும் பூட்டு. வீட்டுக்குள் எதுவும் இல்லாதபோது பூட்டி என்ன பயன்? சூட்டில் காய்ந்த நுனியின் மேல் வாஸ்லினைப் பூசிப் பளபளக்க வைத்தார்கள். பளபளப்போடு அது ஒடிந்தது.

ஆண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். காஸ்டிக் சோடாவையும் முட்டையையும் உருளைக்கிழங்கையும் பிசைந்து தலையில் அப்பி, எரிச்சல் தாங்க முடியாமல் ஓடித் தண்ணீரில் தலையை நுழைக்கும் ‘காங்க்’ அலங்காரம். மால்கம் எக்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் இளமையில் தாம் அதைச் செய்துகொண்டதைக் கூசிக் கூசி விவரிக்கிறார். இந்தச் சமையலறை ஆபத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனவர் சிகாகோவின் ஜார்ஜ் ஜான்சன். 1954-ல் தொழில் தொடங்க 250 டாலர் கடன் கேட்டபோது வங்கி மறுத்தது. வேறு கிளைக்குப் போய், மனைவியோடு உல்லாசப் பயணம் போகப் பணம் வேண்டும் என்றார், கொடுத்தார்கள். அல்ட்ரா வேவ், அல்ட்ரா ஷீன், ஆஃப்ரோ ஷீன் என்று வரிசையாக வந்தன. 1971-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒன்றில் பட்டியலான முதல் கறுப்பின நிறுவனம் என்ற பெயரை ஜான்சன் புராடக்ட்ஸ் பெற்றது. சோல் டிரெயின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் புரவலராக இருந்ததும் அவர்களே.

ஜான்சன் தொழிற்சாலையில் தயாரான ரிலாக்சர் என்கிற காரக் களிம்பு முடியின் உள்கட்டுகளையே உடைத்து நேராக்கும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக முளைத்த அடிப்பகுதிக்கு மட்டும் மறுபடி போட வேண்டும். அவசரத்தில் களிம்பு பழைய நீளத்தின் மேலும் வழிந்தால் ஏற்கெனவே வெந்த முடி இரண்டாம் தடவை வேகும். 1975-ல் அமெரிக்க வணிக ஆணையம் ஜான்சன் நிறுவனத்தை எச்சரிக்கை வாசகம் அச்சிட வைத்தது. போட்டிக்கு வந்த வெள்ளையர் நிறுவனமான ரெவ்லானுக்கு அதே நிபந்தனை பிறகுதான் வந்தது. கறுப்பின வியாபாரிகள் அந்தப் பாரபட்சத்தை மறக்கவில்லை.

இடையில் ஆஃப்ரோ வந்து போனது. 1960-களின் பிற்பகுதியில் இளைஞர்கள் சூட்டுச் சீப்பைத் தூக்கி எறிந்தார்கள். அரசியலாகப் பார்த்தால் பெரிய விடுதலை. நுனியின் கண்ணில் பார்த்தால் அத்தனை விடுதலை இல்லை: உருண்டையாக விரித்து நிறுத்திய முடியின் ஒவ்வொரு நுனியும் காற்றுக்கும் வெயிலுக்கும் நேரே நிற்கிறது, ஒரு முடி தன் மேலேயே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது, தினமும் கம்பிச் சீப்பால் குத்தித் தூக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பிச் சீப்பைப் பெரிய அளவில் விற்றவர்களில் ஒருவர் சான் டியேகோவின் முடிதிருத்துநர் வில்லி மாரோ. அமெரிக்க ராணுவத்தின் முடிதிருத்துநர்களுக்குக் கறுப்பினத்தவர் முடியை வெட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். சீப்பில்லாத நானூறு ஆண்டுகளைப் பற்றி 1973-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

பிறகு வந்தது ஜெரி கர்ல். தமிழ் வாசகர்களுக்கு ‘த்ரில்லர்’ காலத்து மைக்கேல் ஜாக்சனின் தலையை நினைவுபடுத்தினால் போதும். பெயர் வந்தது ஜெரி ரெடிங் என்ற வெள்ளையரிடமிருந்து; இல்லினாயில் பிறந்து, ரெட்கென் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். இறுக்கமான சுருளை ரசாயனத்தால் தளர்த்தி, உருளையில் சுற்றி, பெரிய சுருளாக உறைய வைக்கும் முறை. சலூனில் இதற்கு அப்போது 200 டாலருக்கு மேல் ஆனது. 1970-ல் 600 டாலர் முதலோடும் இரவல் தட்டச்சுப் பொறியோடும் புரோ-லைன் நிறுவனத்தைத் தொடங்கிய காமர் காட்ரெல், 1980-ல் ‘கர்லி கிட்’ என்ற பெட்டியை 8 டாலர் அளவில் கடைக்கு அனுப்பினார். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பணம் கொட்டியது. சில வருடங்களில் காட்ரெல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியில் பங்குதாரர் ஆனார்; கூடப் பங்கு வாங்கியவர்களில் ஒருவர் பிற்கால ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ்.

ஜெரி கர்லின் சூட்சுமம் பெட்டியில் இல்லை, அதற்குப் பிறகு தினமும் அடிக்க வேண்டிய ‘ஆக்டிவேட்டர்’ தெளிப்பானில் இருந்தது. உள்ளே தண்ணீரும் கிளிசரினும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காலையில் தெளி, மாலையில் தெளி, இரவு பிளாஸ்டிக் தொப்பி போட்டுத் தூங்கு. தெளிக்காவிட்டால் சுருள் வறண்டு சிலுப்பிக்கொள்ளும். எண்பது வருடமாகத் தண்ணீரைக் கண்டு ஓடிய தலைகள் இப்போது சொட்டச் சொட்ட நடந்தன. சட்டைக் காலர் கறைபட்டது, தலையணை கறைபட்டது, விருந்தினர் உட்கார்ந்து எழுந்த சோபாவில் தலை வைத்த இடம் வட்டமாகத் தெரிந்தது. 1988-ல் வந்த எடி மர்ஃபியின் ‘கமிங் டு அமெரிக்கா’ படம் அந்தச் சோபாக் கறையை வைத்து நாட்டையே சிரிக்க வைத்தது. அந்தச் சிரிப்போடு மோகமும் சரிந்தது.

கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜெரி கர்ல் போட்ட காலத்தில்தான் முடி முதல்முறையாகத் தோளைத் தாண்டியது என்று சொன்ன பெண்கள் ஏராளம். ரசாயனம் கடுமையானதுதான், முடியைப் பலவீனப்படுத்தும். அதையும் மீறி நீளம் நின்றது என்றால் காரணம் இரவும் பகலும் நுனியில் இருந்த ஈரம். ஜெரி கர்லைத் தூக்கி எறிந்தபோது தெளிப்பானையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

1980-களின் கடைசியிலும் 1990-களிலும் ரிலாக்சர் மறுபடி ஆண்டது, கூடவே ஒட்டுமுடி. இங்கே திருமலை கதைக்குள் நுழைகிறது. பக்தர்கள் காணிக்கை செலுத்தும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது தரம் பிரிக்கப்பட்டுச் சென்னை உட்படப் பல ஊர்களிலிருந்து கப்பலேறி அமெரிக்கச் சலூன்களைச் சேர்கிறது. கிறிஸ் ராக் 2009-ல் எடுத்த ‘குட் ஹேர்’ ஆவணப்படம் இந்தப் பாதையைப் பின்தொடர்ந்து இந்தியா வரை வந்தது. இந்த வியாபாரத்தில் ‘ரெமி’ என்ற தரத்துக்குத்தான் அதிக விலை: எல்லா முடியிலும் வேர்ப்பக்கம் ஒரு திசை, நுனிப்பக்கம் மறு திசை. வேரும் நுனியும் கலந்துவிட்டால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகிவிடும். மொட்டை போட்ட கையோடு கற்றையாகக் கட்டும் முடிக்கு மதிப்பு ஏறுவது இதனால்தான்.

இதற்கு நடுவே, 2000-ல் தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர் நொன்லான்லா குமாலோ, சகாக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ரசாயனம் படாத கறுப்பின முடியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சீப்பில் வந்த வெள்ளையர், ஆசியர் முடிகளில் பெரும்பாலானவற்றில் வேர் இருந்தது, தாமாக உதிர்ந்தவை. ஆப்பிரிக்க முடிகளில் பெரும்பாலானவற்றில் வேர் இல்லை, நடுவில் ஒடிந்தவை. நுனிகள் பிய்ந்திருந்தன. தன்மேல் தானே போட்டுக்கொண்ட முடிச்சுகள் மற்றவர்களுடையதைவிடப் பல மடங்கு. ‘வளராது’ என்ற நூற்றாண்டுப் பழி அதோடு ஆய்வுக்கூடத்திலும் தள்ளுபடி ஆனது. சாட் நாட்டுப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை நூல் அவிழ்த்த பாட்டிகளும் கையாண்ட முறைக்கு நுண்ணோக்கிச் சாட்சியம் கிடைத்தது.

அதே காலத்தில் ரிலாக்சரைக் கைவிட்ட பெண்கள் வீட்டுச் சமையலறையில் தாங்களே சோதனை செய்யத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டடைந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் தண்ணீர் அல்லது தண்ணீர் அதிகமுள்ள கிரீம்; ஈரம் காய்வதற்குள் அதன் மேல் எண்ணெயோ ஷியா வெண்ணெயோ. வரிசை மாறினால் பலனில்லை. இரவில் நுனிகளை மட்டும் நனைத்து, எண்ணெய் தடவி, சிறு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுவார்கள். தலைக்குச் சாட்டின் தொப்பி. பகலில் முறுக்கியோ பின்னியோ நுனியை உள்ளே மடித்துச் செருகுவார்கள். ஜமைக்காவின் வறுத்த ஆமணக்கெண்ணெய்க்குத் திடீரென்று கிராக்கி வந்தது. நம் வீட்டு விளக்கெண்ணெயின் கறுத்த அண்ணன் அது.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை நுனி வெட்ட வேண்டும் என்ற சலூன் விதியையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். எட்டு வாரத்தில் வளர்வதே ஒன்றரை சென்டிமீட்டர்; அதை வெட்டிக் குப்பையில் போட்டால் நீளம் எங்கிருந்து வரும்? வெளிச்சத்தில் உட்கார்ந்து பிளந்த நுனியை மட்டும் தேடித் தேடிக் கத்தரித்தார்கள். பிளந்த நுனியை ஒட்ட வைக்கும் மருந்து கிடையாது என்பதையும் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கம்பெனிகள் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

கம்பெனிகளும் வந்தன. லிசா பிரைஸ் 1993-ல் புரூக்ளின் வீட்டுச் சமையலறையில் 100 டாலரோடு தொடங்கிய ‘கேரல்ஸ் டாட்டர்’ 2014-ல் லோரியல் கைக்குப் போனது. லைபீரியாவில் பிறந்த ரிச்செலூ டென்னிஸ், உள்நாட்டுப் போரால் ஊர் திரும்ப முடியாமல், தாயாரோடு சேர்ந்து நியூயார்க்கில் சோப்பும் ஷியா வெண்ணெயும் விற்றார். சியரா லியோனில் அவருடைய பாட்டி விற்ற சரக்கு அது. அதிலிருந்து வளர்ந்த ஷியாமாய்ஸ்ச்சர் 2017-ல் யூனிலீவருக்குச் சொந்தமானது. அந்த வருடம்தான் பெரும்பாலும் வெள்ளைப் பெண்களை வைத்து எடுத்த ஒரு விளம்பரத்துக்காக வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த வருடம் டென்னிஸ் குடும்பத்தின் அறக்கட்டளை வில்லா லெவாரோவை வாங்கியது. வேருக்கு மருந்து விற்றுக் கட்டிய மாளிகை, நுனிக்கு வெண்ணெய் விற்ற காசில் கைமாறியது.

சட்டமும் மருத்துவமும் மெதுவாகப் பின்னால் வந்தன. 2019-ல் கலிபோர்னியா, இயற்கை முடிக்காக ஒருவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது என்று ‘கிரவுன்’ சட்டம் போட்டது. வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. 2022-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டது. முடி நேராக்கும் ரசாயனத்தை வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது.

தேங்காய் எண்ணெயும் இந்த வரலாற்றில் ஒரு வரி பிடித்திருக்கிறது. 2003-ல் மும்பையின் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் இருவர், கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று எழுதினார்கள். தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆய்வு என்பதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் குளிப்பதற்கு முன் நீளத்திலும் நுனியிலும் அதைத் தடவும் பழக்கம் அமெரிக்கக் கறுப்பின வீடுகளில் நிலைத்துவிட்டது. நம் வீடுகளில் எண்ணெய் பெரும்பாலும் உச்சந்தலையோடு நின்றுவிடுகிறது. சுருட்டை முடிப் பிள்ளைகளைக் காய்ந்த தலையோடு உட்கார வைத்து, உச்சியிலிருந்து சீப்பை இழுத்து அழ வைப்பவர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடியை நனைத்து, நுனியில் எண்ணெய் தடவி, சிக்கெடுப்பதையும் நுனியிலிருந்து மேல்நோக்கி ஆரம்பித்துப் பாருங்கள்.